பாதி வழியில் செத்த நியூட்ரான்கள்

சூரியச் சுடர்வெடிப்பில் கிளம்பும் நியூட்ரான்களைத் தரையிலுள்ள கருவி எப்படிப் பார்க்கும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் கோலாலம்பூர் ஆய்வறையில் எனக்குக் கிடைத்த முதல் வேலை. அம்மாவிடம் சொன்னேன். "வெயில எண்ணுற வேலையா?" என்றார். ஏறக்குறைய அதுதான்.

புரோட்டானைப் பூமியின் காந்தப்புலம் வளைத்துவிடும். நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது, நேரே வரும். உச்சி வெயில் நம்மூரில் தாராளம், ஆனால் தலைக்குமேல் இருக்கும் காற்று விடாது. அதனால்தான் பொலிவியாவின் சக்கால்த்தாயா மலையில், 5,200 மீட்டருக்கு மேலே கருவி வைத்தார்கள். 2005 செப்டம்பர் 7 வெடிப்பின் நியூட்ரான்கள் அங்கே பதிவாயின.

அந்தப் பதிவோடு என் வரைபடத்தை வைத்துப் பார்த்தேன். ஏற்றம் பொருந்தியது, கடைசியில் வருபவற்றைக் காட்டும் வால் மட்டும் என் வரைபடத்தில் சீக்கிரம் தரைதட்டியது. அங்கிருந்த நியூட்ரான் மானிட்டர் என்ற கருவி எண்ணிக்கையை மட்டுமே சொல்லும், ஆற்றலைச் சொல்லாது. தாமதமாக வந்தது மெதுவாக வந்த நியூட்ரானா, சூரியனே தாமதமாக விட்டதா என்று அதை வைத்துப் பிரிக்க முடியாது. நான் சூரியன்மேல் பழி போட்டேன். நீண்ட நேரம் உமிழ்ந்திருக்கிறது என்று அறிக்கையில் இரண்டு பத்தி, கொஞ்சம் பெருமையாகவே எழுதினேன்.

மாமாக் கடையில் தே தாரேக் ஆறிக்கொண்டிருந்தபோது, எங்கள் குழுவில் மூத்தவரான பினாங்கு அக்கா கேட்டார்: "தம்பி, நியூட்ரான் ஆயுளுக்கு எத்தன வினாடி போட்ட?"

"அறுநூத்திப் பத்துக்கா."

"அது அரை ஆயுள் லா!"

காது சூடாகிவிட்டது. தனியே பறக்கும் நியூட்ரான் தானாகவே சிதைந்துவிடும்; அவற்றில் பாதி சிதைய ஆகும் நேரம்தான் அரை ஆயுள். என் சூத்திரம் கேட்டதோ சராசரி ஆயுளை, சுமார் 880 வினாடி. ஒளி 8 நிமிடம் 20 வினாடியில் வந்துவிடும். 100 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள நியூட்ரானோ அதற்கும் 11 நிமிடம் பிந்தி வரும். அப்படி நூறு கிளம்பினால் வழியில் சிதைந்தது போக முப்பது பூமிக்கு வந்து சேர வேண்டும். என் கணக்கில் பதினெட்டுதான் வந்தது. 50 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில், வந்திருக்க வேண்டியதில் பாதிக்கும் மேலே தொலைத்திருந்தேன். மெதுவானவைதான் வாலில் வருபவை. சூரியன் விட்டதை நான் வழியிலேயே கொன்றிருக்கிறேன்.

ஒரே ஒரு எண்ணை மாற்றி, இரவு முழுக்க மறுபடி ஓட்டினேன். காலையில் வால் ஏறியிருந்தது, ஆனால் முழுதாக ஒட்டவில்லை. அந்த மிச்ச இடைவெளிக்குச் சூரியனைக் கேட்கலாம். இரண்டு பத்தியில் ஒன்றை அழித்தேன். மற்றதில் "நீண்ட நேரம்" என்பதற்கு முன்னால் "சற்றே" சேர்த்தேன்.