டெய்ட்டியில் முதல் வெற்றி: 100 டர்னுக்குள் 10 ஊர்

சனிக்கிழமை ராத்திரி 251ஆவது டர்னில் என் விண்கலம் போய்ச் சேர்ந்தது. சிவிலைசேஷன் 6 என்னும் கணினி விளையாட்டு, டெய்ட்டி என்னும் மிகக் கடினமான லெவல், ஸ்டாண்டர்ட் ஸ்பீடு, எட்டு நாடுகள் உள்ள மேப், விண்வெளிப் பயணத்தை முடித்து ஜெயிக்கும் சயின்ஸ் விக்டரி. இதற்கு முன்னால் டெய்ட்டியில் பதினோரு ஆட்டம் தோற்றிருக்கிறேன். ஜெயித்த திரை வந்த பிறகு மவுஸைத் தொடவே மனசு வரவில்லை. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். யாரையாவது எழுப்பிச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பத்து நாள் போனால் எல்லாம் தானாக நடந்தது போலத் தோன்ற ஆரம்பித்துவிடும். டெய்ட்டிக்குக் கீழே இருக்கும் கிங் லெவலைத் தாண்டி, அதற்கடுத்த எம்பரரில் முட்டிக்கொண்டு நிற்பவர்களுக்குத்தான் இது. ரைஸ் அண்ட் ஃபால், கேதரிங் ஸ்டார்ம் என்ற கூடுதல் தொகுப்புகள் இரண்டும் போட்டு ஆடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். டிஸ்ட்ரிக்ட் (ஊரைச் சேர்ந்த தனிப் பகுதி) என்ன, கவர்னர் (ஊரில் அமர்த்தும் அதிகாரி) என்ன என்பதையெல்லாம் விரிவாக விளக்கப்போவதில்லை.

முதலில் ஒரு பயத்தைக் கழற்றி வைத்துவிடலாம். டெய்ட்டியில் நம்மோடு ஆடும் ஏஐ, அதாவது கணினி, நம்மைவிடக் கெட்டிக்காரன் இல்லை. பிரின்ஸ் என்னும் நடுத்தர லெவலில் ஆடும் அதே ஆட்டத்தைத்தான் அங்கேயும் ஆடுகிறான். கையில் கொடுத்து அனுப்பும் சீர்வரிசைதான் பெரிது: நாம் ஒரு செட்லரோடு (புது ஊர் போடும் ஆள்) தொடங்கும்போது அவனுக்கு மூன்று செட்லர். புரொடக்‌ஷனிலும் தங்கத்திலும் 80 சதவீதம் கூடுதல், சயின்ஸிலும் கல்ச்சரிலும் 32 சதவீதம் கூடுதல், சண்டையில் ஒவ்வொரு படைக்கும் +4. ஆக, முதல் 100 டர்னில் அவன் முன்னால் ஓடுவான், நாம் பின்னால் இருப்போம். அதைப் பார்த்துக் கலங்கி ஆட்டத்தை மூடினால் எப்போதும் ஜெயிக்க முடியாது. நான் ஐந்து ஆட்டத்தை அப்படித்தான் மூடினேன்.

சரி, நான் எங்கே தோற்றேன்?

வொண்டர். ஒரே வார்த்தையில் பதில் அதுதான்: உலக அதிசயக் கட்டடங்கள். எனக்குக் கட்டுவது பிடிக்கும். ஸ்டோன்ஹெஞ்ச் கல்கல்லாக எழுந்து நிற்கும் அந்தச் சின்னப் படத்துக்காகவே இந்த விளையாட்டை வாங்கியவன் நான். பிரின்ஸில் ஆறேழு வொண்டர் கட்டி அழகு பார்த்துப் பழகிவிட்டது. அதே பழக்கத்தோடு டெய்ட்டிக்கு வந்தேன்.

இந்த மே மாத விடுமுறைக்கு அண்ணன் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். ஒன்பதாவது முடித்திருக்கிறான், இந்த விளையாட்டை அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஒரு மத்தியானம் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். 90ஆம் டர்ன் சுமார். என் தலைநகரத்தில் கிரேட் லைப்ரரி முடிய நாலு டர்ன் பாக்கி.

“சித்தப்பா, இது என்ன?”

“நூலகம்டா. முடிஞ்சா சயின்ஸ் ஏறும்.”

“உங்களுக்கு எத்தனை ஊர் இருக்கு?”

“மூணு.”

அவன் விரலைத் திரையில் வைத்து, பக்கத்து நாட்டின் ஊர்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். ஒன்பது வந்தது. அப்புறம் அமைதியாகக் கேட்டான்: “அப்போ அவங்ககிட்ட ஒன்பது இடத்துல வேலை நடக்குது, நம்மகிட்ட மூணு இடத்துலதான் நடக்குது. எப்படி சித்தப்பா முந்த முடியும்?”

இரண்டு டர்ன் கழித்து இன்னொரு நாடு கிரேட் லைப்ரரியைக் கட்டி முடித்துவிட்டது. என் கட்டத்தில் சாரம் மட்டும் நின்றது. நான் அன்றைக்கு ஆட்டத்தைத் தொடரவில்லை. ஒரு பழைய நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கை இங்கே அப்படியே தருகிறேன்.

ஸ்டோன்ஹெஞ்ச் 180 புரொடக்‌ஷன். முதல் செட்லர் 80, அடுத்தது 110, அதற்கடுத்தது 140. ஒவ்வொன்றுக்கும் 30 ஏறிக்கொண்டே போகும். ஸ்டோன்ஹெஞ்சின் விலையில் கிட்டத்தட்ட இரண்டு ஊர் வருகிறது. கிரேட் லைப்ரரி 400. அதே 400க்கு மூன்று செட்லர் போட்டு, மிச்சத்தில் ஒரு பில்டரும் (நிலத்தை மேம்படுத்தும் ஆள்) போடலாம். அந்த மூன்று ஊரும் ஒவ்வொரு கேம்பஸ் (சயின்ஸ் தரும் டிஸ்ட்ரிக்ட்) போடும், ஒவ்வொரு லைப்ரரி போடும், கடைசி டர்ன் வரை வேலை செய்யும். வேறு யாரும் முந்திக்கொண்டு அவற்றைப் பறித்துவிட முடியாது.

ஒரு ஊரில் மக்கள்தொகை 1 இருந்தாலே ஒரு டிஸ்ட்ரிக்ட் போடலாம். இரண்டாவதுக்கு 4 வேண்டும், மூன்றாவதுக்கு 7. அதாவது ஒரே ஊரைப் பெரிதாக வளர்த்து மூன்று டிஸ்ட்ரிக்ட் போடுவதைவிட, மூன்று குட்டி ஊர் போட்டு ஆளுக்கொன்று போடுவது எவ்வளவோ சீக்கிரம் முடிகிற காரியம். இது எத்தனை வருஷமாகக் கண் முன்னால் இருந்தது! நான்தான் பார்க்கவில்லை.

அடுத்த ஆட்டத்தில் வைத்த இலக்கு இது, நோட்டின் அட்டையிலேயே எழுதினேன்:

40ஆம் டர்ன்: 3 ஊர்
70ஆம் டர்ன்: 6 ஊர்
100ஆம் டர்ன்: 10 ஊர்
அதுவரை வொண்டர் ஒன்றுகூடக் கிடையாது.

அந்த ஆட்டத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தேன். அதற்கடுத்த ஆட்டம் சனிக்கிழமை முடிந்தது.

செட்லர் போடுவது சும்மா பட்டனை அழுத்தும் வேலை இல்லை. ஒவ்வொரு செட்லரும் ஊரிலிருந்து ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போகிறது. அதனால் வரிசை முக்கியம். நான் போனது இப்படி: தலைநகரத்தில் ஸ்கவுட் (வேவு பார்ப்பவன்), ஸ்லிங்கர் (கவண்காரன்), செட்லர், பில்டர், மறுபடி செட்லர். பில்டரின் மூன்று சார்ஜையும் மூன்று கட்டத்தை மேம்படுத்தச் செலவழித்தேன், கிராஃப்ட்ஸ்மேன்ஷிப் என்ற கல்ச்சர் ஆராய்ச்சிக்கு இன்ஸ்பிரேஷன் கிடைக்கும். கல்ச்சர் ஆராய்ச்சிக்கு இன்ஸ்பிரேஷன், சயின்ஸ் ஆராய்ச்சிக்கு யுரேகா, எல்லாமே 40 சதவீதத் தள்ளுபடி, ஒன்றையும் விடாதீர்கள். முதல் டிஸ்ட்ரிக்ட் போட்டால் ஸ்டேட் வொர்க்ஃபோர்ஸுக்கு. மொத்த மக்கள்தொகை 6 வந்தால் ஏர்லி எம்பயருக்கு.

இந்த ஏர்லி எம்பயர்தான் கதவு. அதில் கொலனைசேஷன் என்ற கொள்கைக் கார்டு வருகிறது, செட்லர் புரொடக்‌ஷன் 50 சதவீதம் கூடும். ஸ்டேட் வொர்க்ஃபோர்ஸ், ஏர்லி எம்பயர் இரண்டிலுமே ஒவ்வொரு கவர்னர் டைட்டில் கிடைக்கும். இரண்டையும் மேக்னஸ் என்ற கவர்னருக்கே கொடுத்தேன். முதல் டைட்டிலில் அவர் ஊருக்கு வருகிறார், காடு வெட்டினால் 50 சதவீதம் கூடுதல். இரண்டாவதில் புரொவிஷன்: அவர் இருக்கும் ஊரில் செட்லர் போட்டால் மக்கள்தொகை குறையாது. கொலனைசேஷன் கார்டைச் செருகி, மேக்னஸ் ஊரில் உட்கார்ந்த பிறகு, தலைநகரத்தைச் சுற்றியிருந்த காடுகளை வெட்டி அடுத்தடுத்து நாலு செட்லர் எடுத்தேன். 55ஆம் டர்னிலிருந்து 80ஆம் டர்ன் வரை என் தலைநகரம் வேறு எதுவுமே செய்யவில்லை. பயமாகத்தான் இருந்தது. பரவாயில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் எங்கே போடுவது? ஆறு, ஏரி பக்கத்தில் என்றால் ஹவுசிங் (ஊர் தாங்கும் மக்கள்தொகை) 5. கடலோரம் என்றால் 3. தண்ணீரே இல்லையென்றால் 2. முதல் நாலு ஊருக்கு நல்ல தண்ணீர் பாருங்கள், அப்புறம் வருவதற்கு அவ்வளவு பார்க்க வேண்டாம். நெருக்கமாகப் போடுங்கள். இரண்டு ஊருக்கு நடுவே மூன்று கட்டம் இருந்தால் போதும், விளையாட்டே அனுமதிக்கிறது. நான் முன்பெல்லாம் ஒவ்வொரு ஊருக்கும் முழு நிலமும் வேண்டும் என்று ஆறு கட்டம் தள்ளித் தள்ளிப் போட்டேன். நடுவில் இருந்த இடைவெளியில் வேறு நாட்டுக்காரன் வந்து உட்கார்ந்தான், லாயல்ட்டி (ஊரின் விசுவாசம்) இழுபறியில் ஒரு ஊர் கையைவிட்டே போனது. நெருக்கமாக இருந்தால் ஊருக்கு ஊர் துணை.

நாடு தேர்வு: கொரியாவின் சொன்டொக் அரசி. ஆரம்பக்காரர்களுக்கு இதைவிட நல்ல ஆள் இல்லை என்பது என் கருத்து. அவருடைய கேம்பஸுக்குப் பெயர் சொவொன். விலை பாதி, குன்றின் மேல்தான் போட முடியும், போட்டதுமே +4 சயின்ஸ். பக்கத்தில் வேறு டிஸ்ட்ரிக்ட் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 1 குறையும், அதனால் தனியாக விடுங்கள். மலை எங்கே, மழைக்காடு எங்கே என்று மற்ற நாடுகளுக்குப் போடும் கணக்கே தேவையில்லை. பத்து ஊர், பத்து சொவொன், 40 சயின்ஸ். நேச்சுரல் ஃபிலாசஃபி கார்டு போட்டால் அது இரட்டிப்பு. நிஜத்தில் சொன்டொக் 632 முதல் 647 வரை சில்லா நாட்டை ஆண்டவர். அவர் காலத்தில் எழுந்த சொம்சொங்டே வானாய்வுக் கோபுரம் கியோங்ஜு நகரத்தில் இன்றும் நிற்கிறது. அந்தப் படத்தைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் கடைசி ஆட்டத்தைத் தொடங்கினேன்.

டிஸ்ட்ரிக்ட் விஷயத்தில் இன்னொன்று. ஆராய்ச்சி ஏற ஏற டிஸ்ட்ரிக்ட் விலை ஏறும். ஆனால் இடம் குறித்த அன்றைக்கு என்ன விலையோ, அதுதான் கடைசி வரை. ஆகவே ஊர் போட்ட அதே டர்னில் சொவொனுக்கு இடம் குறித்துவிடுங்கள். கட்டுவது பிறகு கட்டலாம்.

சண்டை எனக்குப் பிடிக்காது. படையெடுத்துப் போய் ஜெயிப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதை அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது அடி வாங்காமல் இருக்கும் வழி மட்டும்:

ஒரு நாட்டைச் சந்தித்த அதே டர்னில் 25 தங்கம் கொடுத்து டெலிகேஷன் (தூதுக்குழு) அனுப்புங்கள். அன்றைக்குப் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள், நாலு டர்ன் தள்ளினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

ஸ்லிங்கரால் ஒரு பார்பேரியனை (எந்த நாட்டையும் சேராத கொள்ளையன்) கொன்றால் ஆர்ச்சரிக்கு யுரேகா. மூன்று ஆர்ச்சர் இல்லாமல் 30ஆம் டர்னைத் தாண்டாதீர்கள்.

பார்பேரியன் ஸ்கவுட் தலைமேல் சிவப்பு ஆச்சரியக்குறி வந்துவிட்டதா? உங்கள் ஊரைப் பார்த்துவிட்டான். முகாமுக்குத் திரும்புவதற்குள் கொல்லுங்கள். திரும்பிவிட்டால் கூட்டமாக வருவார்கள்.

எல்லையோர ஊருக்குச் சுவர். உள்ளே இருக்கும் ஊருக்கு வேண்டாம்.

ஒரே லக்சுரி (ஆடம்பரப் பொருள்) இரண்டு இருந்தால் இரண்டாவதால் நமக்கு ஒரு பயனும் இல்லை, விற்றுவிடுங்கள். ஒப்பந்தம் 30 டர்ன் ஓடும், முடிந்ததும் மறுபடி விற்கலாம். டிப்ளமாட்டிக் ஃபேவர் என்ற ராஜதந்திரப் புள்ளிகளையும் தங்கத்துக்கு வாங்குவார்கள். என் ஐந்து லைப்ரரி அந்தக் காசில் வந்தவை.

மதம் ஸ்தாபிக்கும் பந்தயத்தில் டெய்ட்டியில் இறங்காதீர்கள். 25 ஃபெய்த் (பக்திப் புள்ளி) சேர்ந்ததும் ஒரு பேந்தியான் (மதத்துக்கு முந்தைய நம்பிக்கை) எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுங்கள்.

பத்து ஊர் வந்த பிறகு அமெனிட்டி (மக்களின் மகிழ்ச்சி) கடிக்கும். ஒரு லக்சுரி நாலு ஊருக்குத்தான் வரும். அதனால் ஐந்தாவது ஊரிலிருந்து, புதிய லக்சுரி இருக்கும் இடத்தைத் தேடிப் போங்கள்.

நோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு 25 டர்னுக்கும் மூன்று எண் எழுதினேன்: ஊர் எத்தனை, சொவொன் எத்தனை, டர்னுக்கு சயின்ஸ் எவ்வளவு. அவ்வளவுதான். பழைய ஆட்டங்களில் 150ஆம் டர்னில் “ஏதோ சரியில்லை” என்று மட்டும் தோன்றும், எங்கே சறுக்கினேன் என்று தெரியாது. எழுத ஆரம்பித்ததும் தெரிந்தது: ஒவ்வொரு முறையும் 50க்கும் 75க்கும் நடுவில்தான் ஊர் எண்ணிக்கை அசையாமல் நின்றிருக்கிறது. இரவு வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் ஆடுகிறவர்களுக்கு நோட்டு இன்னும் அவசியம், நேற்று என்ன நினைத்து நிறுத்தினோம் என்பதே மறந்துபோகும்.

கடைசிக் கட்டம். ராக்கெட்ரி வந்ததும் ஸ்பேஸ்போர்ட் (ஏவுதளம்). ஒன்று போதாது. முந்தைய ஆட்டத்தில் ஒன்றே ஒன்று வைத்திருந்தேன், எதிரி உளவாளி வந்து அதை முடக்கிவிட்டுப் போனான். பழுது பார்த்து முடிப்பதற்குள் இன்னொரு நாடு எனக்குப் பத்து டர்ன் முன்னால் ஜெயித்துவிட்டது. அந்த ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்த முறை மூன்று ஸ்பேஸ்போர்ட், மூன்றிலும் என் உளவாளிகள் காவல். செயற்கைக்கோள், நிலவு, செவ்வாய், அப்புறம் எக்ஸோபிளானட் பயணம். அது 50 ஒளியாண்டு போக வேண்டும், டர்னுக்கு ஒன்று வீதம். லேசர் ஸ்டேஷன் ஒவ்வொன்றும் வேகத்தில் ஒன்று கூட்டும். கப்பல் கிளம்பிவிட்டது என்று கை கட்டி உட்காராமல், மூன்று ஊரிலும் லேசரை வரிசையில் போட்டுக்கொண்டே இருங்கள்.

ரீஸ்டார்ட் அடிக்கலாமா என்று அண்ணன் மகன் கேட்டான். அடிக்கலாம். கற்றுக்கொள்ளும்போது கெட்ட நிலத்தில் கிடந்து போராடுவதில் ஒரு பெருமையும் இல்லை. நான் ஆறு முறை அடித்தேன். ஏழாவது மேப்பில் ஆற்றங்கரை, பக்கத்திலேயே மூன்று குன்று. 14ஆம் டர்னில் ஸ்கவுட் கிழக்கே போய்த் திறந்து காட்டியது: அந்தப் பக்கம் முழுக்க ஆளில்லாத நிலம். உடனே அவனுக்கு மெசேஜ் போட்டேன்: “பத்து ஊருக்கு இடம் இருக்குடா.”