உப்புக்காற்றும் ஹாரியரும்

கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளித்தான் எங்க வீடு. அப்படியும் ஜன்னல் கம்பி இரண்டே வருஷத்தில் பொரிந்து கொட்டுகிறது. இன்று காலை அதைச் சுரண்டும்போது தென் அட்லாண்டிக் தீவுகளுக்காகப் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய 1982 ஃபாக்லாந்து போர் ஞாபகம் வந்தது. (எனக்கு இப்படித்தான், சம்பந்தமில்லாமல் வரும்.)

ஹாரியர் போர் விமானங்களைத் தெற்கே கொண்டுபோக, 'அட்லாண்டிக் கன்வேயர்' என்ற சரக்குக் கப்பலைப் பிரிட்டன் அவசரமாக எடுத்துக்கொண்டது. விமானங்களை உள்ளே நிறுத்தும் கூடம் (ஹேங்கர்) கிடையாது, திறந்த மேல்தளம்தான். காற்றையும் அலைச்சாரலையும் தடுக்க இருபுறமும் கன்டெய்னர்களைச் சுவர்போல அடுக்கினார்கள். பிறகு விமானங்களைப் பெரிய பிளாஸ்டிக் உறைகளுக்குள் போட்டு மூடினார்கள். ஏனென்றால் அலுமினியம் வேறு உலோகத்தைத் தொடும் போல்ட் ஓரங்களில் உப்புநீர் புகுந்தால், அந்த இடமே குட்டி பேட்டரியாகி அலுமினியத்தைத் தின்ன ஆரம்பித்துவிடும். ஒரே ஒரு ஹாரியர் மட்டும் உறையில்லாமல், எரிபொருளும் ஆயுதமும் நிரப்பி எந்த நேரமும் கிளம்பத் தயாராக நின்றது. எனக்குப் பிடித்தது அந்த ஒன்றுதான்.

ஹாரியர்கள் பத்திரமாகக் கப்பலை விட்டுப் போய்விட்டன. மே 25 அன்று அர்ஜென்டினாவின் எக்சோசெட் ஏவுகணைகள் கப்பலைத் தாக்கின. 12 பேர் இறந்தார்கள். கப்பலில் இருந்த சினூக் ஹெலிகாப்டர்கள் எரிந்துபோயின. அந்த நேரம் வானில் இருந்த ஒரு சினூக் மட்டும் தப்பியது.