என் குரல்தானே வரும்?

அந்தம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி. "தம்பி, என் குரல்தானே வரும்?" நான் "ஆமாம்மா" என்றேன். இத்தனை வருஷமும் இப்படித்தான் ஞாபகம் இருந்தது, போன மாதம் வரைக்கும்.

கோத்தகிரி ஷெட்யூல், ஜனவரி மாதம். வளசரவாக்கம் வாடகை பங்களாவை விட்டு வெளியே வராத சீரியல், ஆறு நாளைக்கு மலை ஏறியிருந்தது. நான் இணை இயக்குநர். பெயர்தான் பெரிசு, வேலை என்னவோ ப்ராம்ப்டிங்தான். கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வசனத்தை எடுத்துக் கொடுக்கணும், வளையல் எந்தக் கையில் இருந்தது என்று பார்க்கணும், ஆர்ட்டிஸ்ட் முகம் சுளிக்காமல் பார்த்துக்கணும். அந்தம்மாவிடம் மட்டும் மூன்றாவது வேலை இருக்காது. சீன் பேப்பரை ஒருமுறை வாசித்துக் காட்டினால் போதும், "சரி சாமி" என்று போய் நின்றுவிடுவார்.

அவருக்குக் கொடுமுடிப் பக்கம். கே.பி.சுந்தராம்பாள் பிறந்த மண் என்று சொல்வதில் ஒரு நிமிர்வு உண்டு. மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்தால் எப்படியும் பேச்சு அங்கேதான் வந்து நிற்கும். 1935ல் 'பக்த நந்தனார்' படத்துக்கு அந்த அம்மையார் வாங்கிய ஒரு லட்சம் ரூபாயைத் தன் வீட்டுக் கணக்கு மாதிரி சொல்வார். "அன்னிக்குப் பாடத் தெரியாட்டி நடிக்கவே முடியாது தம்பி. பாகவதர் என்ன, சின்னப்பா என்ன. அப்புறம்தான் வாய் ஒருத்தருக்கு, குரல் ஒருத்தருக்குன்னு ஆச்சு." பானுமதி மட்டும் கடைசிவரை தன் பாட்டைத் தானே பாடினார் என்பதையும் விடாமல் சேர்த்துக்கொள்வார்.

அவருடைய வாழ்க்கையே அந்தப் பிரிவினையில்தான் ஓடியது. பதினாறு வயதில் கோயில் திருவிழா மெல்லிசை மேடை. பிறகு சென்னை, கோரஸ். எல்லோரும் ஒன்றாக நின்று ஒரே டேக்கில் பாடிய காலம் அது. ட்ராக் ட்ராக்காகப் பதிவு செய்கிற வழக்கம் வந்ததும் நாலு பேர் பாடியதைப் பதினாறு பேர் பாடிய மாதிரி அடுக்கிக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. மீதிப் பன்னிரண்டு பேரில் இவரும் ஒருவர். அதன் பிறகு ட்ராக் பாடினார். அதாவது, பெரிய பாடகி வந்து பாடும் வரைக்கும் மெட்டுக்குக் காவல் இருக்கிற குரல். பிறகு டப்பிங். 1999 கடைசியில் 'சித்தி' தொடங்கி மெகா சீரியல்கள் வீடுவீடாகப் புகுந்த சமயத்தில், டப்பிங் பேசப் போன இடத்தில் ஒரு அம்மா வேஷம் கிடைத்தது. அதிலிருந்து அம்மா, மாமியார், பாட்டி. எத்தனையோ முகங்களுக்குக் குரல் கொடுத்தவர் தன் முகத்தோடு தன் பாட்டு வந்து பார்த்ததில்லை.

அந்த சீன் அதற்குத்தான் அமைந்தது என்று எல்லோரும் நினைத்தோம். கல்யாணத்துக்குப் பிறகு பாட்டை விட்டுவிட்ட மாமியார், பேரக் குழந்தையைத் திண்ணையில் வைத்துக்கொண்டு தாலாட்டுப் பாடுகிறார். வசனமே கிடையாது. நாலு நாளாக பிளாஸ்க்கில் மிளகும் பனங்கற்கண்டும் போட்ட வெந்நீர். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். "மேட்டுப்பாளையம் தாண்டினாலே எனக்கு அரைக் கட்டை இறங்கிரும்" என்பார். விடியற்காலை ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் நின்று, போனில் தம்புராவை ஓடவிட்டு, வாயைத் திறக்காமல் முனகிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

மதியம் கொழுந்து பறிக்கிறவர்கள் சாப்பிட உட்கார்ந்த இடத்துக்கு அவரும் போய் உட்கார்ந்தார். பாடிக் காட்டினார் போலிருக்கிறது. அதில் வயதான ஒரு அம்மா, "நாங்க இப்படி மேல இழுக்க மாட்டோம் கண்ணு, தூங்குற புள்ள முழிச்சுக்கும்" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மா தன் வழக்கப்படி முனகிக் காட்டியது. ஏறவே ஏறாமல், ஒரே இடத்தில் ஆடிக்கொண்டிருக்கிற மாதிரி. இவர் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு அதைப் பிடித்துக்கொண்டார்.

அதே நேரத்தில்தான் என் போனுக்குச் செய்தி வந்தது. டைரக்டர் நாயகன் நாயகியோடு குன்னூர்ப் பக்கம் போயிருந்தார். இந்த சீனை என்னிடம் விட்டிருந்தார். 'பாட்டு சென்னையில் பாடியாச்சு, ராத்திரி மெயில் வரும். இப்போதைக்கு அவங்களையே பாடவிட்டு எடுத்துக்கோ. ஒண்ணும் சொல்லிக்கிட்டு இருக்காதே.'

நான் முதன்முதலாக 'ஆக்‌ஷன்' சொல்லப்போகிற நாள் அது. இதையும் சொல்லத்தான் வேண்டும். வெளிச்சம், நேரம், ஒரு நாளைக்கு ஒரு எபிசோடாவது தேற வேண்டிய கணக்கு என்று எத்தனையோ காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் 'அப்ப நான் பாடலை, நாளைக்குப் பாத்துக்கலாம்' என்று எழுந்திருந்தால் என் ஷாட் போயிருக்கும். அதுவும் உண்மை.

நாலு மணிக்கு மேல் பனிமூட்டம் பள்ளத்திலிருந்து ஏறி வர ஆரம்பித்தது. குழந்தை நல்லவேளையாகத் தூங்கியிருந்தது. மைக் பையன் அவருடைய முந்தானைக்குள் லேபல் மைக்கைச் செருகிவிட்டு நகர்ந்தான். நான் குனிந்து சால்வையைச் சரி செய்தேன். அப்போதுதான் கேட்டார்.

பாடினார். கொழுந்துக்காரம்மாவின் தாலாட்டையே. குரல் இரண்டு இடத்தில் பிசிறியது. மறைக்கவில்லை. நான் கட் சொன்ன பிறகும் கேமராமேன் கொஞ்ச நேரம் கண்ணை வ்யூஃபைண்டரிலிருந்து எடுக்கவில்லை. உண்மை தெரிந்திருந்தால் அப்படி வந்திருக்காது என்று நான் நம்பினேன். அதைத்தான் சமாதானமாக வைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்தச் சமாதானத்திலும் ஓட்டை இருக்கிறது. சென்னைப் பாட்டு வேறு மெட்டு, வேறு வேகம், வயலின் எல்லாம் வைத்து. இவருடைய உதடு அதோடு ஒட்டவே இல்லை. எடிட்டர் என்ன செய்வார்? குழந்தை முகம், தேயிலைச் சரிவு, பனி, தூரத்திலிருந்து திண்ணை. குளோஸப்பில் இருந்தது மூன்றே நொடி, அதுவும் வாய் மூடியிருக்கும்போது. நான் விஷயத்தைச் சொல்லி, மறுநாள் பாட்டை நாகராவில், அதாவது ஸ்பாட்டில் பாட்டை ஒலிக்கவிடும் கருவியில், ஓடவிட்டு எடுத்திருந்தால், அவர் அழகாக வாயசைத்திருப்பார். டப்பிங்கில் ஊறியவருக்கு அது எம்மாத்திரம். குரல் போனாலும் முகமாவது நின்றிருக்கும். நான் சொல்லாமல் விட்டதில் இரண்டும் போனது.

ஒளிபரப்பானதும் அவருக்கு ஏகப்பட்ட போன். 'இவ்வளவு நல்லாப் பாடுவீங்களா' என்று. யாரிடமும் அவர் மறுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை. அடுத்த ஷெட்யூலில் வந்தவர் என்னைப் பார்த்து, "நல்லாத்தான் பாடியிருக்கு அந்தப் பொண்ணு. மூச்சு எங்க எடுக்குதுன்னே தெரியல" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருக்கலாம். பிறகு ஒன்றரை வருஷம் சேர்ந்து வேலை பார்த்தோம். வர்க்கி வாங்கிவந்தால் எனக்கென்று ஒரு பொட்டலம் தனியாக எடுத்து வைப்பார்.

போன மாதம் பழைய ஹார்ட் டிஸ்கை ஒழுங்குபடுத்தும்போது அந்த பைலட் ட்ராக், அதாவது ஸ்பாட்டிலேயே பதிவான ஒலி, கிடைத்தது. ரெக்கார்டர் முன்கூட்டியே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. சேலை உரசுகிற சத்தம், தூரத்தில் ஜெனரேட்டர், "தம்பி, என் குரல்தானே வரும்?" அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. எண்ணிப் பார்த்தேன், நாலு நொடி. பிறகு என் குரல்: "வெளிச்சம் போகுதும்மா, எடுத்துரலாம்." அவர் லேசாகச் சிரிக்கிறார். "சரி சரி."

நான் 'ஆமாம்' என்று சொல்லவே இல்லை.

சொல்லாத பொய்க்காக இத்தனை வருஷம் வருத்தப்பட்டிருக்கிறேன் என்று முதலில் லேசாகத்தான் இருந்தது, ஒரு ராத்திரி மட்டும். மறுநாள் யோசித்தால், 'ஆமாம்மா' என்று சொல்லியிருந்தால் அதில் ஒரு துணிச்சலாவது இருந்திருக்கும். அப்புறம் அந்த "சரி சரி". ஸ்டூடியோ வராந்தாக்களில் இதே கேள்வியை எத்தனை பேரிடம் கேட்டு, எத்தனை விதமான 'வெளிச்சம் போகுது' கேட்டவர் அவர். தெரிந்துதான் பாடினாரா? அப்படியானால் உண்மை தெரிந்தால் நன்றாக வந்திருக்காது என்று நான் வைத்திருந்த கணக்கு என்ன ஆகிறது?

அவர் இப்போது நடிப்பதில்லை. ஈரோட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். இதை அவருக்கு அனுப்பி வைக்கச் சொல்லி என் மனைவி சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அனுப்பினால் அந்தக் கேள்வியும் நாலு நொடியும் சேர்ந்தே போகும். வெட்டிவிட்டு அனுப்பலாம், இத்தனை வருஷம் எடிட் சூட்டில் உட்கார்ந்தவன்தானே.

நேற்று வெட்டிப் பார்த்தேன். பாட்டு மட்டும் 1 நிமிஷம் 40 நொடி. அவர் மூச்சு எடுக்கிற சத்தத்திலிருந்து ஆரம்பிக்கிறது. சேமிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. வேண்டாம் என்று அழுத்திவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.