சாலைக்கும் டிராக்குக்கும் ஒரே பிரேக்

ஜெர்மனியின் ஐஃபெல் மலைப்பகுதியில் 1927இல் திறக்கப்பட்ட நூர்பர்க்ரிங் நோர்ட்ஷ்லைஃப, ஒரு சுற்றுக்கு 20.8 கிமீ நீளும் பந்தயத் தடம். போட்டியும் சோதனை ஓட்டமும் இல்லாத வேளைகளில் கட்டணம் கட்டினால் யாரும் தங்கள் சொந்தக் காரை அங்கே ஓட்டலாம். அந்த வேளைகளில் அது சுங்கம் வசூலிக்கும் ஒருவழிப் பொதுச்சாலையாகவே கருதப்படுவதால், ஜெர்மன் போக்குவரத்துச் சட்டம் அங்கும் செல்லும். உள்ளே வரும் கார் சாலைக்குத் தகுதியானதாக இருந்தாக வேண்டும். காலையில் மழையில் நனைந்த நெடுஞ்சாலையில் வந்த அதே பிரேக்கைத்தான் மதியம் ஓட்டுநர் டிராக்கில் மிதிக்கிறார். ஸ்போர்ட்ஸ் கார் பிரேக்கைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

காரின் வேகத்தை வெப்பமாக மாற்றி, அந்த வெப்பத்தைக் காற்றில் விடுவதே பிரேக்கின் வேலை. 1,500 கிலோ எடையுள்ள கார் 60 கிமீ வேகத்திலிருந்து முழுதாக நிற்கும்போது ஏறக்குறைய 2 லட்சம் ஜூல் ஆற்றல் கழிய வேண்டியிருக்கிறது. அதே கார் 200 கிமீ வேகத்திலிருந்து 80க்கு இறங்கும்போது கழிய வேண்டியது 19 லட்சம் ஜூல். அறை வெப்பத்தில் இருக்கும் ஆறு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ அது போதும். காற்றின் எதிர்ப்பு அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும் பெரும்பகுதி, சக்கரங்களோடு சேர்ந்து சுழலும் நான்கு டிஸ்க்குகளின் தலையில்தான், அதிலும் முன்பக்க டிஸ்க்குகளின் தலையில்தான் விழுகிறது. சாலையில் இப்படி ஒரு பிரேக் எப்போதாவது ஒருமுறை பிடிக்க நேர்ந்தாலும், அடுத்து வரும் நீண்ட ஓட்டத்தில் டிஸ்க் ஆறிவிடும். டிராக்கில் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. நோர்ட்ஷ்லைஃபயில் மெட்ஸ்கஸ்ஃபெல்ட், காலன்ஹார்ட், வேர்சைஃபன் வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கத்தில் வந்து பிரைட்ஷைட் பள்ளத்தில் முடிகின்றன; ஒவ்வொன்றிலும் பிரேக் பிடித்தாக வேண்டும், அதுவும் சரிவு காரை முன்னால் தள்ளிக்கொண்டிருக்கையில். பிறகு பெர்க்வெர்க் தாண்டி வரும் நீண்ட ஏற்றத்தில்தான் பிரேக்குகள் மூச்சுவிடுகின்றன.

அளவுக்கு மீறிச் சூடேறிய பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். எது நடக்கிறது என்பது காலுக்குத் தெரிந்துவிடும். பெடல் வழக்கம்போல் கெட்டியாக இருந்தும் கார் வேகம் குறையாவிட்டால், டிஸ்க்கை இருபுறமும் கவ்வும் பேடின் உராய்வுப் பொருள் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். பெடல் தளர்ந்து தரையை நோக்கி இறங்கினால், பிஸ்டன்களால் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பருக்குள் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ்கள் உருவாகியிருக்கின்றன. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்க முடியும் என்பதால் கால் கொடுக்கும் அழுத்தம் குமிழிலேயே வீணாகிறது. இரண்டாவதுதான் எனக்கு அதிக அச்சம் தருவது. முதலாவது பெரும்பாலும் வளைவுக்கு வளைவு சிறிது சிறிதாகக் கூடி எச்சரிக்கை தருகிறது. இரண்டாவது, முந்தைய வளைவு வரை நன்றாக இருந்த பெடலை அடுத்த வளைவில் இல்லாமல் செய்துவிடும்.

இந்த ஆயில் விஷயத்தில்தான் விலையுயர்ந்த கார்களின் உரிமையாளர்கள்கூட அசட்டையாக இருக்கிறார்கள். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேர்ந்த நிலைக்கு அதே விதி கேட்பது 155 டிகிரிதான். நகரத்துக்குள் ஓட்டுபவருக்கு இந்த வேறுபாடு தெரியவே வாய்ப்பில்லை. டிராக்கில் முழுப் பிரேக்கின் தலைவிதியே அதில் அடங்கியிருக்கிறது. பந்தயத்துக்கென விற்கப்படும் சில ஆயில்கள், புதிதாக இருக்கையில், 300 டிகிரியைத் தாண்டியும் கொதிப்பதில்லை. ஆறு பிஸ்டன் காலிப்பருக்குப் பணத்தைக் கொட்டுவதற்கு முன் பழைய ஆயிலை வெளியேற்றிப் புதியதை ஊற்றி, குழாயில் சிக்கிய காற்றையும் வெளியேற்றி, மெக்கானிக்குகள் சொல்வதுபோல் நன்றாக ஏர் எடுத்துவிடுவது எவ்வளவோ பலன் தரும்.

பேடில்தான் உண்மையான சமரசம். சாலைப் பேட், குளிர்ந்த காலையில் முதல் மிதியிலேயே பிடிக்க வேண்டும், கிரீச்சிடக் கூடாது, சக்கரத்தைக் கரியாக்கக் கூடாது, டிஸ்க்கையும் தின்றுவிடக் கூடாது. பந்தயப் பேட் இவற்றில் எதையும் பொருட்படுத்துவதில்லை; சூடேறிய பிறகு பத்தாவது வளைவிலும் முதல் வளைவின் பிடி இருந்தால் போதும் என்று செய்யப்பட்டது அது. அதை மாட்டிக்கொண்டு குளிர்ந்த நிலையில் நெடுஞ்சாலைக்குப் போனால், திடீரென்று ஒருவர் குறுக்கே வரும்போது எதிர்பார்த்த பிடி கிடைக்காது. ஐரோப்பாவில் மாற்றுப் பேடுகளுக்கு ஆர்90 என்னும் ஒப்புதல் விதி இருக்கிறது. முழுப் பந்தயப் பேடுகள் பெரும்பாலும் அதற்குள் வருவதில்லை. நோர்ட்ஷ்லைஃபக்குத் தன் காரையே ஓட்டிச் செல்பவர், வெப்ப எல்லை உயர்ந்திருந்தும் குளிரில் பிடிக்கக்கூடிய இடைத்தரப் பேடைத் தேட வேண்டியிருப்பது இதனால்தான்.

டிஸ்க்கைப் பொறுத்தவரை, 2021இல் வந்த போர்ஷ 911 ஜிடி3 நல்ல உதாரணம். அதன் முன்பக்க வார்ப்பிரும்பு டிஸ்க்கின் விட்டம் 408 மி.மீ. கூடுதல் விலைக்குக் கிடைக்கும் கார்பன் செராமிக் டிஸ்க் 410 மி.மீ.; எடையோ ஏறத்தாழப் பாதி. மஞ்சள் காலிப்பரைக் கண்டால் செராமிக் என்று அறியலாம். இதை ஃபார்முலா 1 கார்களின் கார்பன் டிஸ்க்கோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அந்த டிஸ்க் சில நூறு டிகிரி சூடேறும் வரை சரியாகப் பிடிக்காது, ஆகவே சாலைக்கு உதவாது; சிலிக்கன் கார்பைடு கலந்த செராமிக் டிஸ்க் குளிரிலும் பிடிக்கும், சாலையில் மட்டும் ஓடினால் மிக நீண்ட காலம் உழைக்கும். ஆனால் டிராக்கின் கடும் வெப்பத்தில் அதிலுள்ள கார்பன் இழைகள் மெல்ல எரிந்து தேய்கின்றன. மாற்றும் செலவோ இரும்பைவிடப் பல மடங்கு. மாதந்தோறும் டிராக்குக்குப் போகிறவர் இரும்பு டிஸ்க்கையே எடுப்பது புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. துளையிட்ட டிஸ்க்குகளில் துளையோரம் நுண்விரிசல் விழுகிறதா என்று மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டி முடித்த பிறகு செய்ய வேண்டியதும் உண்டு. கொதிக்கும் டிஸ்க்கோடு காரை நிறுத்தி, பெடலில் காலை அழுத்தியபடியே உட்கார்ந்திருந்தால், பேடின் பொருள் அந்த ஒரே இடத்தில் டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் நடுங்கும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று பட்டறையில் சொல்வார்கள், பல வேளைகளில் காரணம் இந்தப் படிவுதான். எனவே கடைசிச் சுற்றை வேகத்தைக் குறைத்து, பிரேக்கைத் தொடாமல், சக்கரங்களுக்குள் காற்று ஓடும்படி ஓட்ட வேண்டும். நிறுத்தும்போது கியரில் விட்டு, டயருக்குக் கட்டை வைத்தால் போதும். வீடு திரும்பும் முன் பேடின் தடிமனையும் பார்த்துவிடுவது நல்லது. பாதி தேய்ந்த பேட் சாலையில் இன்னும் வெகுதூரம் ஓடும் என்றாலும், அது மெலிய மெலிய வெப்பம் காலிப்பர் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் விரைவாகக் கடந்துவிடும். அடுத்த டிராக் ஓட்டத்துக்குப் புதிய பேட் போட்டுக்கொண்டே போக வேண்டும்.