நாற்பது போர்வையும் ஒரு சங்கிலியும்

நான் மென்பொருள் எழுதிக் கொடுத்த அறக்கட்டளையின் பெயர் வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணமும் சீருடையும், விடுதிகளுக்குப் போர்வையும் வாங்கித் தருவார்கள். ஒரு நாள் அறங்காவலர் ஒருவர் ஜோர்டான் செய்தியோடு வந்தார். அங்கே அஸ்ராக் முகாமில் 2017-இல் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் பிளாக்செயினைக் கொண்டுவந்தது. எழுதிய பதிவைப் பின்னால் திருத்த முடியாதபடி ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்து வைக்கிற கணினிப் பேரேடு அது. சுமார் 10,000 சிரிய அகதிகள் கடையில் கருவிழியைக் காட்டி மளிகை வாங்கினார்கள். “நாமும் செய்தால், கொடுத்தவருக்குத் தன் பணம் போன வழி முழுக்கத் தெரியுமே” என்றார்.

படித்துப் பார்த்தேன். அங்கே முக்கியமாக மிச்சமானது வங்கிக் கட்டணம். வெளியார் யாரும் அந்தச் சங்கிலியைத் திறந்து பார்க்க முடியாது. ஈதரியம் என்கிற பிளாக்செயின் மென்பொருளை எடுத்துத் தங்களுக்கென்று தனியாக வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. சொன்னேன். சரி, நம்முடையதைப் பொதுவில் வைப்போம் என்று முடிவானது.

முதல் சிக்கல் பெயர்கள். கட்டண உதவி வாங்கிய சிறுமியின் பெயரைப் பொதுச் சங்கிலியில் ஏற்றினால், அவள் பாட்டியான பிறகும் அது அங்கேயே இருக்கும். வாங்கியதை ஊர் பார்க்க எழுதி வைக்க நாம் யார்? பட்டியலை அலுவலகத்திலேயே வைத்துக்கொண்டு அதன் ஹாஷை மட்டும் ஏற்றினோம். ஹாஷ் என்றால் பட்டியலின் கைரேகை மாதிரி; எஸ்ஹெச்ஏ-256 என்கிற கணக்கு முறை தருகிற 64 எழுத்துக் கோவை. பட்டியலில் ஒரு கமா மாறினாலும் கோவையே வேறாகிவிடும். பிள்ளைகளின் பெயர் தப்பித்தது. நன்கொடையாளருக்குத்தான் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அப்புறம் போர்வை விவகாரம். தன்னார்வலர் ஒருவர் 40 என்பதை 400 என்று அடித்துவிட்டார். சங்கிலியில் ஏறியும் விட்டது. தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். கணக்காளர் ஐயா எட்டிப் பார்த்தார். டேலி என்கிற கணக்கு மென்பொருள் வருவதற்கு முன்பே பேரேடு எழுதியவர்.

“இதுக்கா தம்பி? பேரேட்டுலயும் நாங்க அழிக்க மாட்டோமே. எதிர்ப்பதிவு போடுங்க, ஏன்னு ஒரு வரி எழுதுங்க.”

360-ஐக் கழித்து எழுதினோம். அவர் விடவில்லை. “ஆமா, நாற்பது போர்வை போய்ச் சேர்ந்துச்சுன்னு உங்க செயினுக்கு எப்படித் தெரியும்?”

தெரியாது. குடோன் வாசலில் நிற்கிற ஆள் எண்ணி எழுதுவதுதான் எண். எழுதியதைப் பின்னால் யாரும் திருத்தாமல் சங்கிலி காக்கும். பொய்யை எழுதினால் அதையும் அதே விசுவாசத்தோடு காக்கும். அந்த மாதத்திலிருந்து, வாங்கிக்கொள்ளும் விடுதியின் வார்டனும் தனியாக எண்ணி வவுச்சரில் கையெழுத்துப் போட வேண்டும், இரண்டு எண்ணும் ஒத்துப்போனால்தான் பதிவு ஏறும் என்று மாற்றினோம். ஆறு மாதத்தில் நான் உருப்படியாகச் செய்த வேலை இதுதான். ஒரு கார்பன் தாள் இருந்தாலே போதும் இதற்கு.

ரசீதுகளில் க்யூஆர் கோடும் அச்சடித்தோம். ஸ்கேன் செய்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். அதில் அறங்காவலரும் நானும் அடக்கம். ஜூலையில் மட்டும் போன் மேல் போன். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து, கொடுத்த நன்கொடைக்கு 80ஜி பிரிவில் வரிச் சலுகை கேட்கிற நேரம்.

“சார், 80ஜி-க்கு அந்த 10பிஇ சான்றிதழ் இன்னும் வரலையே?”