மாமி வீட்டுப் பால்

அன்றைக்குக் காலை வாசல் கூடையில் மூன்று பால் பாக்கெட் இருந்தது. நாங்கள் வாங்குவது இரண்டு. பால்காரர் தூக்கக் கலக்கத்தில் கூடுதலாகப் போட்டிருப்பார் என்று நினைத்தோம். மறுநாளும் மூன்று. மாசக் கடைசியில் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டே அம்மா பால்பாயசம் வைத்துவிட்டார். எதிர்வீட்டு மாமிக்கும் ஒரு கிண்ணம் போனது. "பால் நன்னா குறுகி வந்திருக்கு" என்று பாராட்டு வேறு.

மூன்றாம் நாள் தெருவில் சத்தம். தினமும் ஒரு பாக்கெட் குறைகிறது என்று மாமி பால்காரரைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் பெற்ற பிள்ளைமேல் சத்தியம் செய்தார். எனக்கு லேசாக வயிற்றைக் கலக்கியது.

மறுநாள் ஐந்து மணிக்கே எழுந்து, காபியோடு திண்ணையில் உட்கார்ந்தேன். எங்கள் லேப்ரடார் மணியை அப்பா நடத்திக் கூட்டிவரும் நேரம். திருச்சி வெயில் ஏறிவிட்டால் தார்ரோடு அவன் பாதத்தைச் சுட்டுவிடும்; அதனால் இருட்டிலேயே நடை. தெருமுனை வந்ததும் அப்பா சங்கிலியைக் கழற்றிவிட்டு யாரோடாவது அரசியல் பேச நின்றுவிடுவார்.

மணி தனியாக வந்தான். மாமி வீட்டு கேட்டில் தொங்கிய பைக்குள் தலையை விட்டான். ஒரு பாக்கெட்டைக் கவ்விக்கொண்டு வந்து, எங்கள் கூடையில் மற்ற இரண்டோடு பதவிசாக வைத்தான். ஒரு பல் தடம் இல்லை. அந்தச் சந்தோஷத்தில் வாலை ஒரு வீசு வீசினான். என் காபி டம்ளர் தரையில்.

அவனைத் திட்டவும் மனசு வரவில்லை. இவனுடைய முன்னோர்கள் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களுக்கு வலை இழுத்துக் கொடுத்தவர்கள். பிறகு பிரிட்டனில், சுட்டு விழுத்திய வாத்தைத் தண்ணீரில் இறங்கிச் சிதையாமல் எடுத்துவரப் பழக்கினார்கள். திருச்சியில் வாத்துக்கு எங்கே போவான்?

எனக்குப் புரியாதது வேறு. பசி அடங்கியதை உணர்த்தும் மரபணு ஒன்று, ஏறக்குறைய நாலில் ஒரு லேப்ரடாருக்குப் பழுதாக இருக்கிறது என்று 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த நாலில் ஒருவன் எங்கள் வீட்டில்தான் இருக்கிறான் என்று நான் எழுதியே கொடுப்பேன். சோப்பு, விளக்குத்திரி, என் பான் கார்டு எல்லாம் தின்றவன். பால் பாக்கெட்டை மட்டும் கடிக்கவில்லை. வேலை நேரத்தில் சாப்பிடக்கூடாது என்று வைத்திருக்கிறான் போல.

சரி, சொல்லித்தானே ஆகவேண்டும். அம்மா நாலு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனார். பின்னால் நானும் மணியும். மாமி எல்லாவற்றையும் கேட்டார். "வாயில்லா ஜீவன், அதுக்கென்ன தெரியும்" என்று அவன் தலையைத் தடவினார். கையோடு வந்த முடியைத் தட்டிவிட்டார். அப்புறம் விரல்விட்டு ஏதோ எண்ணினார்.

"ஆமா, அன்னிக்குப் பாயசம் குடுத்தேளே, அது எந்தப் பால்?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் மணியைப் பார்த்தேன்.