பென்சிலால் வரைந்த வட்டத்துக்குள் டோக்கியோ

டோக்கியோவுக்கு முதன்முறையாகச் செல்வதென்று முடிவானதும், எந்த நாளில் எங்கே இருப்போம் என்று விசா விண்ணப்பத்துக்காக நாள்வாரியாக எழுத வேண்டியிருந்தது. என் மனைவியும் நானும் எழுதிய முதல் நாளில் காலையில் அசகுசாவின் சென்சோஜி கோயில், நண்பகலில் ஷிபுயா, மாலையில் 634 மீட்டர் உயரமுள்ள ஸ்கைட்ரீ கோபுரம் ஆகியவை இருந்தன. வரைபடத்தைப் பார்த்தபோதுதான், கோயிலுக்கு எதிரே ஆற்றின் மறுகரையில் நிற்கும் கோபுரத்தை விட்டுவிட்டு, நகரின் மறுகோடிக்குப் போய்த் திரும்பத் திட்டமிட்டிருந்தோம் என்பது புரிந்தது.

அந்நகருக்கு ஒரே மையம் என்பது கிடையாது. ஷின்ஜுகு, ஷிபுயா, உவெனோ, இகெபுகுரோ ஒவ்வொன்றும் தனி ஊர் போலவே இயங்குகிறது. இவற்றைக் கோக்கும் நூல் யமனோதே ரயில் பாதை. 1925இல் முழு வட்டமான இந்த 34.5 கிலோமீட்டர் பாதையில் இன்று 30 நிலையங்கள் உள்ளன. ஒரு சுற்று வர ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். ஒரு தாளில் அந்த வட்டத்தைப் பென்சிலால் வரைந்து, நாங்கள் விரும்பிய ஒவ்வோர் இடத்தையும் அருகிலுள்ள நிலையத்தின் பக்கத்தில் குறித்தோம். அடுத்தடுத்து வந்தவற்றை ஒரே நாளில் சேர்த்தோம். எதனுடனும் சேராத இரண்டை மனமில்லாமல் அடித்தோம்.

தங்குவதற்கு உவெனோவைத் தேர்ந்தெடுத்தது நான் இன்றும் மெச்சும் முடிவு. நரிதா விமான நிலையத்திலிருந்து ஸ்கைலைனர் ரயில் சுமார் 45 நிமிடத்தில் அங்கே சேர்க்கிறது. அங்கிருந்து அசகுசா, கின்சா சுரங்கப் பாதையில் மூன்றாவது நிலையம். 1927இல் அப்பாதை முதன்முதலில் ஓடத் தொடங்கியதும் இவ்விரு நிலையங்களுக்கு இடையேதான்.

பயணச்சீட்டில் சற்றுத் தடுமாறினோம். சுரங்க ரயிலுக்கான 24, 48, 72 மணி நேரச் சீட்டுகள் யமனோதேயில் செல்லாது, ஏனெனில் அது ஜேஆர் என்னும் ஜப்பான் ரயில்வே நிறுவனத்தின் பாதை. நாடு முழுவதற்குமான ஏழு நாள் ஜேஆர் பாஸ் 2023 அக்டோபரில் 50,000 யென் ஆகிவிட்டதால், டோக்கியோவுக்குள் மட்டும் சுற்றுபவருக்கு அது பெரும் நஷ்டம். இரண்டு வகை ரயிலுக்கும் செல்லும் சுயிகா அட்டையில் பணம் ஏற்றிக்கொண்டோம்.

திட்டத்தில் நாங்கள் விட்ட குறை ஷின்ஜுகுவில்தான் வெளிப்பட்டது. இருநூறுக்கும் மேற்பட்ட வாசல்கள் உள்ள அந்நிலையத்தில், பெருநகர அரசுக் கட்டடத்தின் 45ஆம் மாடியிலுள்ள கட்டணமில்லாக் காட்சித் தளத்துக்கு மேற்கு வாசல் வழியாக வர வேண்டியவர்கள் கிழக்கில் வெளியே வந்து, மறுபக்கம் போய்ச் சேர அரைமணி நேரத்துக்கு மேல் நடந்தோம். அன்றிரவே எஞ்சிய ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே இறங்கும் நிலையத்தோடு வாசலின் பெயரையும் எழுதினேன். அதன்பின் வழி தவறவில்லை.

சைவ உணவுக்கும் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். காய்கறி மட்டுமே கண்ணுக்குத் தெரியும் சாற்றிலும் மீன் சீவல் ஊறிய தாஷி என்னும் அடிப்படைச் சாறு இருக்கக்கூடும். இறைச்சி, மீன், மீன் சாறு மூன்றும் உண்பதில்லை என்று ஜப்பானிய மொழியில் அச்சிட்ட சிறு அட்டையை எடுத்துச் சென்றிருந்தோம். உவெனோவில் ஒரு கடைக்கார அம்மாள் அதைச் சொல் சொல்லாக விரலால் தொட்டுப் படித்துவிட்டு, நாங்கள் கேட்ட நூடுல்ஸுக்குக் கையசைத்து மறுத்து, வெறும் சோறும் தோஃபுவும் உப்பும் கொண்டுவந்து வைத்தார்.